பணம் கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்

‘ஓடுபாதை’ கேள்வி-பதில் பகுதி இந்த முறை முழுக்க விமானியாக ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும். இருபத்து நான்கு வருடம் சின்ன விமானங்களில் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவள் நான். பாளையங்கோட்டையில் தமிழ்வழியில் படித்துவிட்டு அந்த இருக்கைக்கு வந்தவள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு 13 வயது. எங்கள் வீடு அவனியாபுரத்தில். மொட்டை மாடியில் நின்று விமானம் இறங்குவதைத் தினமும் பார்ப்பேன். லைசென்ஸுக்கு 16 வயது ஆக வேண்டும் என்கிறார்கள். அதுவரை நான் என்ன செய்வது?
– எட்டாம் வகுப்பு மாணவன், மதுரை

தம்பி, தினமும் பார்க்கிறாய் என்றாயே, அதையே கொஞ்சம் கணக்கோடு பார். மாடியில் தெற்கு நோக்கி நின்றால் விமானம் இடமிருந்து வலமாகப் போய் இறங்குகிறதா, வலமிருந்து இடமாகவா? ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டுத் தேதி, நேரம், திசை மூன்றையும் எழுது. கூடவே உங்கள் தெருவில் ஏதாவது ஒரு கொடியோ காயப்போட்ட சேலையோ எந்தப் பக்கம் பறக்கிறது என்றும் எழுது.

ஒரு வருடம் எழுதினால் உனக்கே புரிந்துவிடும். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் ஏற, இறங்க விரும்பும். மதுரை ஓடுபாதையின் இரண்டு முனைகளிலும் 09, 27 என்று எழுதியிருப்பார்கள். பத்தால் பெருக்கினால் 90 பாகை, 270 பாகை. அதாவது கிழக்கு, மேற்கு. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது விமானம் மேற்குப் பார்த்து இறங்கும். உனக்கு இடமிருந்து வலம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்ததும் வலமிருந்து இடமாக மாறும் நாட்கள் கூடும். காற்று லேசாக இருக்கும் நாளில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். அப்போது “ஏன்?” என்று நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வை. என் மாணவர்களில் நன்றாகப் பறந்தவர்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்குறியைப் போட்டு வைத்தவர்கள்தான்.

அடுத்தது, விமான நிலையங்கள் வெளியிடும் வானிலைக் குறிப்பு. அதற்கு ‘மெட்டார்’ என்று பெயர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மதுரைக்கு வி.ஓ.எம்.டி. (VOMD), திருச்சிக்கு வி.ஓ.டி.ஆர். (VOTR), சென்னைக்கு வி.ஓ.எம்.எம். (VOMM) என்று நான்கு எழுத்துக் குறியீடு உண்டு. அதைப் போட்டுத் தேடினால் எண்களும் எழுத்துமாக ஒரே ஒரு வரி வரும். அதில் 27012 என்று இருந்தால், காற்று 270 பாகையிலிருந்து 12 நாட் வேகத்தில் வருகிறது என்று அர்த்தம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 12 நாட் என்றால் சுமார் 22 கிலோமீட்டர். அந்த எண்ணையும் உன் கொடியையும் ஒப்பிட்டுப் பார். இரண்டே மாதத்தில் அந்த வரியைப் பேப்பர் படிப்பதுபோலப் படிப்பாய். பயிற்சிப் பள்ளியில் வானிலைப் பாடம் என்றாலே இருபது வயதுப் பையன்கள் முகம் சுளிப்பார்கள். உனக்கு அது பழகின வீட்டுத் திண்ணை மாதிரி இருக்கும்.

மனக்கணக்கு பழகு. கால்குலேட்டர் வேண்டாம். ஜெட் விமானம் சீராக இறங்க ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி என்பது விமானிகளின் வாய்ப்பாடு. 30,000 அடியில் வந்தால் 100 கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். அது 185 கிலோமீட்டர். சென்னையிலிருந்து அந்த உயரத்தில் மதுரைக்கு வரும் விமானம் பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னாலேயே மூக்கைத் தாழ்த்தியாக வேண்டும். 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே.ஆர்.டி. டாட்டா முதல் தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். ரேடியோ கிடையாது. வரைபடம், கடிகாரம், காற்றைப் பற்றிய மனக்கணக்கு, இவ்வளவுதான் துணை. இன்றைக்குக் கணினி எல்லாவற்றையும் போட்டுத் தருகிறது. ஆனால் கணினி தப்பாகச் சொல்லும்போது “இது ஒத்துவரவில்லையே” என்று மண்டையில் மணி அடிக்க வேண்டும். அந்த மணி இப்போது உன் வயதில் கட்டுவது.

பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர். பல பள்ளிகளில் தரைப்படைப் பிரிவுதான் இருக்கும்; விமானப் பிரிவு இருந்தால் அதிர்ஷ்டம். ஏரோமாடலிங், அதாவது மாதிரி விமானம் செய்யச் சொல்லித் தருவார்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. தெர்மக்கோலில் இறக்கை வெட்டி, மூக்கில் ஒரு நாணயத்தை ஒட்டி எறிந்து பார். பிறகு நாணயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்து. ஒரு கட்டத்தில் மூக்கைத் தூக்கி, அப்படியே நின்று, பொத்தென்று விழும். அதற்கு ‘ஸ்டால்’ என்று பெயர். நான் மூன்று மணி நேரம் கரும்பலகையில் விளக்குவதை அந்த நாணயம் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடும்.

பத்தாவது படிக்கிறேன். மைனஸ் 2.5 கண்ணாடி போட்டிருக்கிறேன். “கண்ணாடி போட்டவள் எப்படி பைலட் ஆவாய்?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்க வேண்டும்? தமிழ்வழியில் படித்தால் ஆகாதா?
– மாணவி, விருதுநகர் மாவட்டம்

கண்ணு, கண்ணாடி ஒரு தடை இல்லை. பயணிகள் விமானத்துக்கு, கண்ணாடியோடு பார்வை தெளிவாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். பறக்கும்போது கூடுதலாக ஒரு கண்ணாடியைப் பையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். விமானப்படையில் விமானியாக வேண்டுமானால் கண் விதிகள் இதைவிட மிகக் கடுமை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள்தான் உன்னைப் பயமுறுத்துகிறார்கள்.

நிறம்தான் நிஜமான விஷயம். சிவப்பு, பச்சை குழம்பும் நிறக்குறைபாடு இருந்தால் கண்ணாடி போட்டும் சரிசெய்ய முடியாது. ஆண் பிள்ளைகளிடம்தான் இது அதிகம், தாய்வழியில் வருவது. உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ தாய்மாமாவுக்கோ இருந்தால் அவசியம் பார்த்துவிடுங்கள். புள்ளிகளுக்கு நடுவே எண் தெரிகிறதா என்று கேட்கும் இஷிஹாரா அட்டைகள் எந்தக் கண் மருத்துவரிடமும் இருக்கும். ஐந்து நிமிட வேலை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்தான். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா இரண்டு ஏக்கர் புஞ்சையை விற்று, ஒரு பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டி, நான்கு மாதம் வகுப்பும் முடிந்துவிட்டது. அப்புறம்தான் மெடிக்கலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அட்டையில் 74 என்று இருந்த எண் அவனுக்கு 21 என்று தெரிந்திருக்கிறது. பணம் திரும்பவில்லை. “மேடம், ரோட்டு சிக்னல்ல எனக்குக் கஷ்டமே இல்லையே, மேல எரியுதா கீழ எரியுதான்னு பார்த்துத்தான போவேன்” என்றான். அவனுக்குப் பதினெட்டு வயதுவரை யாருமே அந்த அட்டையைக் காட்டவில்லை. அன்றிலிருந்து என்னைப் பார்க்க வரும் பெற்றோரிடம் முதலில் சொல்வது இந்த ஒன்றைத்தான்: பணம் கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்.

முறையான வரிசை இது. முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று. டி.ஜி.சி.ஏ. என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர்கள் பார்ப்பார்கள். அது தேறியதும் முதல் வகுப்புச் சான்று. இதற்கான மையங்களில் பெங்களூருவில் இருக்கும் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனமும் ஒன்று. ரத்தம், இதயம், காது, கண், நுரையீரல் எல்லாம் பார்ப்பார்கள். வேலைக்குப் பறக்க இந்த முதல் வகுப்பு கட்டாயம். எனவே அது கையில் வரும்வரை வங்கிக் கடன் பத்திரத்தில் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதே.

குரூப் விஷயம் சுலபம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் இருக்க வேண்டும். கணிதம், உயிரியல் எடுத்தாலும் சரி, கணிதம், கணினி எடுத்தாலும் சரி. வணிகவியல் எடுத்துவிட்டுப் பிறகு ஆசை வந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாக அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். கதவு அடைபடவில்லை, ஒரு வருடம் கூடுதலாகப் போகும்.

தமிழ்வழி பற்றிக் கேட்டாய். நானும் தமிழ்வழிதான். முதல் நாள் ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் பேசியது எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கூட இருந்த கான்வென்ட் பையனுக்கும் புரியவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது! ரேடியோ ஆங்கிலம் தனி மொழி. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துகள். ஒன்பதை ‘நைனர்’ என்பார்கள். சொல்லும் வாக்கியங்களும் கிட்டத்தட்ட வரையறுத்தவை. தினமும் கண்ணில் படும் கார் நம்பரை எல்லாம் அந்த எழுத்துகளில் சொல்லிப் பழகு. ஆனால் பாடப் புத்தகங்களும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை ஆங்கிலமாவது வேண்டும். ஆகவே இன்றிலிருந்து தினம் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படி. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் பயிற்சிக் கையேடுகளை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. படங்களோடு இருக்கும். அதில் ஒரு பக்கம் படித்து, அதைத் தமிழில் உன் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிப் பார். சொல்ல வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்று பொருள்.

என் மகன் ப்ளஸ் ஒன். ஒரு ஏஜென்ட் “இப்போதே ஐந்து லட்சம் கட்டினால் சீட் உறுதி, வேலையும் உறுதி” என்கிறார். மொத்தம் எவ்வளவு ஆகும்? நம்பலாமா?
– தீப்பெட்டித் தொழிலில் இருக்கும் ஒரு தந்தை, கோவில்பட்டி

அண்ணாச்சி, கட்டாதீர்கள்.

வேலை உறுதி என்று இந்தத் தொழிலில் யாராலும் சொல்ல முடியாது. விமான நிறுவனங்கள் ஒரு வருடம் அள்ளி எடுக்கும்; அடுத்த இரண்டு வருடம் கதவைச் சாத்தும். லைசென்ஸை வைத்துக்கொண்டு காத்திருந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பத்தாவது தேறி 16 வயது ஆனால் மாணவ விமானி லைசென்ஸ். 17 வயதில் தனியார் லைசென்ஸ். அதற்கு 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 18 வயதில்தான் வணிக லைசென்ஸ். சம்பளத்துக்குப் பறக்க இதுதான் வேண்டும். மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குப் பொறுப்பாளராகத் தானே பறந்திருக்க வேண்டும். இரவுப் பறப்பு, ஊர் விட்டு ஊர் பறப்பு என்று உள்கணக்கும் உண்டு. வழிகாணல், வானிலை, விதிகள், தொழில்நுட்பம் எனத் தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். ரேடியோ இயக்கத் தேர்வு தனி. உங்கள் மகன் இப்போது ப்ளஸ் ஒன். இந்த வருடம் அவன் கட்ட வேண்டிய ஒரே பணம் பள்ளிக் கட்டணமும் கண் மருத்துவர் கட்டணமும்தான்.

செலவை மறைக்காமல் சொல்கிறேன். இந்தியாவில் 200 மணி நேரத்துக்கு 40 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை ஆகலாம். அதற்குப் பிறகு, ஏர்பஸ் 320 மாதிரி ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்ட ‘டைப் ரேட்டிங்’ என்று இன்னொரு பயிற்சி. அதற்குத் தனியாகப் பத்து, இருபது லட்சம். ஏஜென்ட்கள் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள். விடுதி, மெடிக்கல், தேர்வுக் கட்டணம், மழையில் பறக்க முடியாத மாதங்களின் சாப்பாட்டுச் செலவு, எதுவும் அவர்கள் நோட்டீஸில் இருக்காது.

குறைந்தபட்சம் அரசு நிறுவனத்துக்கு முயற்சி செய்யச் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசம், அமேதி மாவட்டம், ஃபர்சத்கஞ்சில் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. ஆங்கிலம், கணிதம், இயற்பியலில் ப்ளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. நுழைவுத்தேர்வு, பிறகு நேர்முகம். அங்கும் கட்டணம் பெரிதுதான், ஆனால் சீட்டுக்கு நடுவில் ஆள் தேவையில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் வணிக விமானி லைசென்ஸ் படிப்பும் இருக்கிறது. இது பல குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், பொருந்துகிற பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

தனியார் பள்ளிதான் என்று முடிவானால் நேரில் போங்கள். வரவேற்பறையில் உட்காராமல், விமானங்களை நிறுத்தும் ஹேங்கருக்குப் போங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். இன்று காலை எத்தனை பறந்தது என்று கேளுங்கள். இன்ஜின் கழற்றிவைத்த விமானத்தையும் கணக்கில் சேர்த்துச் சொல்வார்கள். கடைசியாக முடித்த பத்து மாணவர்கள் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் நல்லது. நான்கு வருடமாக அங்கேயே கிடக்கும் பிள்ளை ஒருவனாவது டீக்கடையில் கிடைப்பான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். பணத்தை மொத்தமாகத் தராமல், பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையில் கட்டுவதாக எழுத்தில் வாங்குங்கள். சம்மதிக்காத பள்ளி நமக்கு வேண்டாம்.

ப்ளஸ் டூ படிக்கிறேன். போர் விமானம் ஓட்ட ஆசை. வழி என்ன?
– மாணவன், தஞ்சாவூர்

வீட்டுக்கு மேலேயே சுகோய் பறக்கும் ஊரில் இருக்கிறாய், ஆசை வராமல் இருக்குமா! இந்த வழியில் உன் அப்பாவுக்குச் செலவில்லை. யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்தும் என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமி நுழைவுத்தேர்வை எழுது. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். இப்போது பெண்களும் எழுதலாம். எழுத்துத்தேர்வு தேறினால் தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சோதனை. அதில் கணினியில் நடக்கும் விமானித் திறன் சோதனை ஒன்று உண்டு. கை, கால், கண் மூன்றும் சேர்ந்து ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் கணினிச் சோதனையை மட்டும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். தூக்கம் கெட்டு, காய்ச்சலோடு போய் உட்காராதே. இது தவறினாலும் பட்டம் முடித்து விமானப்படையின் அஃப்கேட் தேர்வு வழியும், என்.சி.சி. விமானப் பிரிவு ‘சி’ சான்றிதழ் வழியும் இருக்கின்றன.

ஒரே மகள். ஒன்பதாவது. விமானம் ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பெண் பிள்ளையைத் தனியாக வடநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்து, அப்புறம் கல்யாணம், குழந்தை… ஒத்துவருமா மேடம்? பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தென்காசி

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள்.

பெண் ஓட்டுவது புதிதல்ல. சென்னையைச் சேர்ந்த உஷா சுந்தரம் 1949-லேயே பெங்களூரு ஜக்கூர் அரசுப் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். இன்றைக்கு நம் நாட்டு விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக சராசரியைப்போல மூன்று மடங்கு. கர்ப்ப காலத்தில் பறக்க விதிகள் உண்டு, விடுப்பு உண்டு, திரும்பி வந்து பறக்கிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் குழந்தைக்குப் பத்து மாதம் ஆனபோது மறுபடி வந்து உட்கார்ந்தாள். முதல் இறக்கம் கொஞ்சம் குதித்தது, மூன்றாவது வெண்ணெய் மாதிரி இருந்தது. கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதிகாலை மூன்று மணிக்கு வண்டி வந்து நிற்கும். பாட்டி, தாத்தா, கணவர், யாராவது ஒருவர் வீட்டைத் தோளில் தாங்க வேண்டும். அதை இப்போதே நினைத்துப் பயப்பட வேண்டாம். இப்போது அவள் ஒன்பதாவது. கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், கணக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள், போதும்.

நான் முதன்முதலில் தனியாகப் பறந்தது ‘புஷ்பக்’ என்ற இரண்டு இருக்கை விமானத்தில். நம் நாட்டிலேயே செய்தது, இறக்கை துணி போர்த்தியது. காலை ஆறரை மணி. இரண்டு சுற்று கூட வந்த பயிற்றுநர், எதுவும் சொல்லாமல் இறங்கி, தன் பக்கத்து பெல்ட்டைக் காலியாக இறுக்கிக் கட்டிவிட்டு, “ஒரு ரவுண்டு போய்ட்டு வாம்மா” என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் எண்பது கிலோ இருப்பார். அவர் இல்லாததால் விமானம் நான் எதிர்பார்ப்பதற்கு முன்பே துள்ளி எழுந்துவிட்டது. மேலே போய்த் திரும்பும்போதுதான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். காலி. பயம் வரும் என்று நினைத்தேன். கை, கால் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அன்று இரவு ரயிலேறி ஊருக்குப் போய், பறந்த கணக்கை எழுதும் லாக் புக்கை அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. “எந்த வரிடீ?” என்றாள். விரலை வைத்துக் காட்டினேன்: தனியாக, பத்து நிமிடம். அடுப்படியிலிருந்து வந்தவள், மஞ்சள் பட்ட விரலாலேயே அந்த வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கறை இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.